சிபியு வசதியை அணைக்க எத்தனை வழி: கர்னலா, வன்பொருளா, ஜிலிப்சியா, விஎம்மா?

ப்ராசசர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லும் ஒரு வசதியை இல்லாத மாதிரி வைத்துக்கொண்டு சிஸ்டத்தை ஓட்ட வேண்டிய தேவை லினக்ஸில் அவ்வப்போது வரும். ஏவிஎக்ஸ்-512 (ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் வசதி) இல்லாத பழைய சர்வரில் நம் நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்று புது மெஷினிலேயே சோதிக்க நினைப்போம், அல்லது வைனில் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் ஒரு விளையாட்டு ப்ராசசரின் ஒரு பாதுகாப்பு வசதியோடு முட்டிக்கொண்டு நிற்கும். தேடினால் முதலில் கிடைக்கும் பதில் கிளியர்சிபியுஐடி என்ற பூட் பாராமீட்டர், அதாவது சிஸ்டத்தின் மையமான கர்னல் தொடங்கும்போது அதற்குக் கொடுக்கும் அமைப்பு. அதை க்ரப் (பூட் லோடர்) வரியில் சேர்த்து ரீபூட் செய்கிறார்கள், ப்ராசசரின் வசதிகளைக் கர்னல் பட்டியலிடும் ப்ராக் சிபியுஇன்ஃபோவில் அந்தப் பெயர் காணாமல் போயிருக்கிறது, வேலை முடிந்தது என்று நகர்ந்துவிடுகிறார்கள். பல நேரங்களில் வேலை முடிந்திருக்காது. அதனால்தான் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி: அந்த வசதி இருக்கிறதா என்று ப்ராசசரிடம் கேட்பது யார்? கர்னலா, சாதாரண நிரலா, விஎம்முக்குள் (மெய்நிகர் கணினி) இருக்கும் இன்னொரு கர்னலா? எக்ஸ்86-இல் (இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களின் வகை) சிபியுஐடி என்ற கட்டளையை எந்த நிரலும் நேரடியாக இயக்கலாம், கர்னலின் அனுமதி தேவையில்லை. கர்னல் பூட் ஆகும்போது அதே கட்டளையை இயக்கி, வரும் பதிலைத் தன் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. கிளியர்சிபியுஐடி அடிப்பது அந்தப் பட்டியலில் உள்ள ஒரு வரியை மட்டுமே. ப்ராசசரை அது தொடுவதில்லை. கர்னல் ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, சிபியுஐடியை நேரடியாக அழைக்கும் நிரல்களுக்கு அந்த வசதி தெரிந்துகொண்டேதான் இருக்கும் என்று.

அப்படியானால் அது உதவாத பாராமீட்டரா என்றால் இல்லை, வசதியைப் பொறுத்தது. சில வசதிகளைக் கர்னல் திறந்துவிட்டால்தான் நிரல்கள் பயன்படுத்த முடியும். ஏவிஎக்ஸ்-512 அப்படிப்பட்டது. எக்ஸ்சிஆர்0 என்ற பதிவேட்டில் (ரெஜிஸ்டர், ப்ராசசருக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) அதற்குரிய பிட்களைக் கர்னல் போட்டால்தான் அந்தக் கட்டளைகள் ஓடும். கிளியர்சிபியுஐடி=304 என்று கொடுத்தால் கர்னல் அந்த பிட்களைப் போடுவதில்லை, மீறி இயக்கும் நிரல் செத்துவிழும். (304 எங்கிருந்து வந்தது என்றால், கர்னல் பட்டியலில் 9-ஆம் சொல்லின், அதாவது 32 பிட் தொகுப்பின், 16-ஆம் பிட், 9 பெருக்கல் 32 கூட்டல் 16. 2022-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு எண்ணுக்குப் பதில் ஏவிஎக்ஸ்512எஃப் என்று பெயரையே கொடுக்கலாம், பெயரைக் கொடுப்பதுதான் நல்லது.) ஒழுங்காக எழுதிய நிரல் எக்ஸ்கெட்பிவி கட்டளையால் எக்ஸ்சிஆர்0-ஐப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சிபியுஐடி பிட்டை மட்டும் பார்த்துவிட்டுப் பாயும் நிரல் கிராஷ் ஆகும்.

யுஎம்ஐபியும் இதே வகை. எஸ்ஜிடிடி, எஸ்ஐடிடி போன்ற கட்டளைகளைச் சாதாரண நிரல்கள் இயக்க முடியாமல் தடுக்கும் வசதி அது, சிஆர்4 பதிவேட்டில் கர்னல் ஒரு பிட் போட்டால்தான் வேலை செய்யும். வைனில் சில விண்டோஸ் விளையாட்டுகள் இதில் மாட்டுவதால் கிளியர்சிபியுஐடி=514 என்ற வரி லினக்ஸில் விளையாடுபவர்களிடையே பிரபலம். கர்னல் அந்த பிட்டைப் போடாது, தடையும் இருக்காது. இங்கே கர்னல் வழி முழுமையாகவே வேலை செய்கிறது, ஒரு பாதுகாப்பை இழக்கிறோம் என்ற விலையோடு.

பிஎம்ஐ2 (பிட் கையாளல்), ஏஇஎஸ் (குறியாக்கம்), எஸ்ஹெச்ஏ (ஹாஷ் கணக்கு) கட்டளைகளின் கதை வேறு. இவற்றை யாரும் திறந்துவிட வேண்டியதில்லை, ப்ராசசரில் இருந்தால் ஓடும். கிளியர்சிபியுஐடி போட்டால் கர்னல் தன் சொந்த வேலைக்கு இவற்றைப் பயன்படுத்தாது, சிபியுஇன்ஃபோவிலும் காட்டாது, அவ்வளவுதான். குறியாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் எப்போதும் போல சிபியுஐடியைக் கேட்டு ஏஇஎஸ் கட்டளைகளை ஓட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் "ஏஇஎஸ் இல்லாமல் இவ்வளவு வேகம்" என்று அளவீடு எடுத்தால் அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை. இப்படி எடுத்த எண்களை வைத்து வன்பொருள் வாங்கும் முடிவுகூட எடுக்கப்படலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சரி, வன்பொருளிலேயே அணைக்க முடியாதா? சில வசதிகளுக்கு முடியும், அது கிடைக்கும் இடத்தில் அதைவிடச் சுத்தமான வழி வேறில்லை. இன்டெலின் டிஎஸ்எக்ஸ் (பல நினைவக மாற்றங்களை ஒரே பரிவர்த்தனையாகச் செய்யும் வசதி) நல்ல உதாரணம். 2019 இறுதியில் வந்த டிஎஸ்எக்ஸ்=ஆஃப் பாராமீட்டர், அதற்கு ஆதரவு உள்ள ப்ராசசர்களில், ப்ராசசரின் நடத்தையை மாற்றும் ஒரு எம்எஸ்ஆர் பதிவேட்டில் இரண்டு பிட்களைப் போடுகிறது. ஒன்று அந்த வகைப் பரிவர்த்தனைகளைத் தொடங்கியவுடனே முறித்துவிடும், இன்னொன்று சிபியுஐடி பதிலிலிருந்தே பெயரை எடுத்துவிடும். கர்னல் கேட்டாலும் நிரல் கேட்டாலும் ஒரே பதில். அதே 2019-இல் ஏஎம்டியின் 15எச், 16எச் குடும்ப ப்ராசசர்களில் ஒரு சிக்கல்: சில பயாஸ்களின் கோளாறால், சஸ்பெண்ட் ஆகி மீண்டு வந்தபின் ஆர்டிராண்ட் (ரேண்டம் எண் தரும் கட்டளை) நம்பகமாக இல்லை. கர்னல் இங்கேயும் எம்எஸ்ஆர் வழியாகவே சிபியுஐடி பிட்டை அணைத்தது. தன் பட்டியலில் மட்டும் அடித்திருந்தால் நிரல்கள் அதை நம்பி ரகசியச் சாவிகளைத் தயாரித்துக்கொண்டே இருந்திருக்கும். தன் பயாஸ் சரி என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்காக ஆர்டிராண்ட்=ஃபோர்ஸ் என்று ஒரு பாராமீட்டரும் வைத்தார்கள். குறை ஒன்றுதான்: இப்படிப்பட்ட சுவிட்சை ப்ராசசர் தயாரிப்பாளர் வைத்திருந்தால்தான் உண்டு, பெரும்பாலான வசதிகளுக்கு இல்லை.

ஒரே ஒரு நிரலுக்கு மட்டும் மறைத்தால் போதும் என்றால் ரீபூட்டே தேவையில்லை. அடிப்படை சி நூலகமான ஜிலிப்சிக்குரிய ஜிலிப்சி_ட்யூனபிள்ஸ் என்ற சூழல் மாறியில் ஜிலிப்சி.சிபியு.எச்டபிள்யூகேப்ஸ் என்பதற்கு மைனஸ் ஏவிஎக்ஸ்2 என்று கொடுத்தால், மெம்காப்பி, ஸ்டர்லென் போன்ற செயற்கூறுகளின் ஏவிஎக்ஸ்2 வடிவத்தை ஜிலிப்சி தேர்ந்தெடுக்காது. ஆனால் அந்த நிரலே சிபியுஐடியைக் கேட்டால் இது தடுக்காது. ஓபன்எஸ்எஸ்எல்லுக்கும் கணித நூலகமான ஓபன்ப்ளாஸுக்கும் தனித்தனி சூழல் மாறிகள் இருக்கின்றன, ஒவ்வொரு நூலகமாகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். எந்த நூலகத்தில் பிரச்சினை என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு இதுதான் மிக விரைவான வழி.

இதைவிட ஆழமாகப் போக, இன்டெலின் ஐவி பிரிட்ஜ் காலத்திலிருந்து சிபியுஐடி ஃபால்டிங் என்று ஒன்று உண்டு. ஒரு ப்ராசஸ் சிபியுஐடியை இயக்கினால் சிக்னல் எழும்பும், அதைப் பிடித்து நாம் விரும்பும் பதிலைக் கொடுக்கலாம். லினக்ஸில் 2017-இல் 4.12 கர்னலில் ஆர்ச்_பிஆர்சிடிஎல் என்ற கர்னல் அழைப்பு வழியாக வந்தது, பதிவுசெய்து மறுபடி ஓட்டிப் பார்க்கும் ஆர்ஆர் டீபக்கருக்காகவே. தனியாகக் கையாள்வது சிரமம், ஆர்ஆரோடு சேர்த்துப் பயன்படுத்தினால் சுகம்.

விஎம் வழியில் கெஸ்ட்டுக்குள் (விஎம்மில் ஓடும் சிஸ்டம்) யார் கேட்டாலும், அது கர்னலாக இருந்தாலும் நிரலாக இருந்தாலும், சிபியுஐடி விஎம்மை ஓட்டும் ஹைப்பர்வைசரிடம்தான் வந்து நிற்கும். க்யூஇஎம்யு என்ற விஎம் மென்பொருளில் சிபியு ஹோஸ்ட் மாடலுக்குப் பின் மைனஸ் போட்டு வசதியின் பெயரைச் சேர்த்தால் போதும். வெவ்வேறு தலைமுறை சர்வர்களுக்கு இடையே லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை நிறுத்தாமல் இடம் மாற்றுவது) செய்பவர்கள் தினமும் சார்ந்திருப்பது இதைத்தான். கேட்காமலே இயக்கும் நிரலைத் தடுக்கும் உத்தரவாதம் இங்கேயும் இல்லை, பிஎம்ஐ2 கெஸ்ட்டுக்குள்ளும் ஓடிவிடும். ஆனால் "பழைய ப்ராசசரில் இந்த நிரல் எந்தப் பாதையில் போகும்" என்ற கேள்விக்கு விஎம்மைவிட நம்பகமான பதில் தரும் வழி எக்ஸ்86-இல் இல்லை என்பது என் முடிவு. வேக அளவீட்டுக்கு மட்டும் விஎம்மை நம்ப வேண்டாம்.

ஏஆர்எம்64 (64 பிட் ஏஆர்எம் ப்ராசசர்கள்) பக்கம் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. அங்கே ப்ராசசரின் அடையாளப் பதிவேடுகளை நிரல்கள் நேரடியாகப் படிக்க முடியாது, படிக்கப் போனால் கர்னலிடம் மாட்டும், கர்னல்தான் மதிப்பைக் கொடுக்கும். 2021-இல் 5.12 கர்னலில் வந்த மேலெழுதும் ஏற்பாடு இதன்மேல் நிற்கிறது. ஏஆர்எம்64.நோஎஸ்விஇ என்று பூட் வரியில் கொடுத்தால் கர்னலும் எஸ்விஇயை (ஏவிஎக்ஸ் போன்ற ஏஆர்எம் வசதி) தொடாது, நிரல்களுக்கும் அது இல்லை என்றே சொல்லப்படும், மீறி இயக்கினால் தடுக்கப்படும். இருப்பதைக் குறைக்கத்தான் விடும், இல்லாததைக் கூட்டக் கேட்டால் புறக்கணித்ததாக லாகில் எழுதிவிட்டுப் போய்விடும். எல்லா வசதிகளுக்கும் இது கிடையாது. ஆனாலும் கர்னலும் நிரலும் ஒரே பதிலைப் பெறுகிற இந்த வடிவமைப்புதான் சரி, எக்ஸ்86-இல் பழைய இணக்கத்துக்காகச் சுமந்துகொண்டிருப்பதுதான் இவ்வளவு சிக்கலுக்கும் காரணம்.

எதிர்த் திசையும் உண்டு, இல்லாததை இருப்பதாகச் சொல்வது. 2014-இல் வந்த ஃபோர்ஸ்பிஏஇ நியாயமான உதாரணம். பழைய பென்டியம் எம் மடிக்கணினிகள் பலவற்றில் பிஏஇ (32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை எட்டும் வசதி) வேலை செய்யும், சிபியுஐடி மட்டும் அதைச் சொல்லாது. பொதுவான கருவியாகச் செட்சிபியுஐடி அண்மையில்தான் வந்தது, ப்ராசசரில் பிழை இருப்பதாகக் குறிக்கும் கொடிகளைப் போட்டு, அதற்கான பாதுகாப்புத் தணிப்புகளைச் சோதிக்கும் கர்னல் ஆட்களுக்கு அது பயன்படும். மற்றவர்கள் தொட வேண்டாம். சிஆர்4-இல் இல்லாத பிட்டைக் கர்னல் போட முயன்றால் பூட்டே ஆகாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சிபியுஇன்ஃபோவை மட்டும் பார்த்துச் சரிபார்க்காதீர்கள். சிபியுஐடி என்ற பெயரிலேயே ஒரு கட்டளைவரிக் கருவி இருக்கிறது, அது ப்ராசசரையே கேட்டுச் சொல்லும். இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் கர்னல் பட்டியலில் மட்டும் அடித்திருக்கிறீர்கள் என்று பொருள். கிளியர்சிபியுஐடி, செட்சிபியுஐடி, ஃபோர்ஸ்பிஏஇ மூன்றுமே இப்போது கர்னலில் எஸ் என்ற கறைக் குறியை (கர்னல் வழக்கமான நிலையில் இல்லை என்ற அடையாளம்) போடும். அந்தக் குறியோடு பிழை அறிக்கை அனுப்பினால் முதலில் அந்த பாராமீட்டரை எடுத்துவிட்டு மறுபடி காட்டச் சொல்வார்கள். ஆகவே சோதனை முடிந்ததும் க்ரப் வரியிலிருந்து நீக்கிவிடுங்கள்.