மாலிஃபோ மூன்றாம் பதிப்பு: சீட்டுக்கட்டில் ஓடும் விக்டோரியப் பேய்நகரம்

நான்கைந்து நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் கூடி ஆட, சின்ன உருவங்களை ஒட்டி, பெயிண்ட் அடித்து மேசையில் மோதவிடும் மினியேச்சர் ஆட்டம் ஒன்று சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், முதலில் சொல்ல வேண்டிய பெயர் மாலிஃபோ. அமெரிக்காவின் வியர்ட் கேம்ஸ் 2009-இல் வெளியிட்டது. இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 2019-இல் வந்த மூன்றாம் பதிப்பு. இன்னொரு உலகுக்குத் திறந்த ஒரு பிளவு, அதற்கப்பால் கைவிடப்பட்ட ஒரு நகரம், அங்கே ஆன்மக்கல் என்ற மந்திரக் கல்லைத் தேடி அடித்துக்கொள்ளும் கூட்டங்கள். உயரத் தொப்பி, நீண்ட கோட்டு, எரிவாயு விளக்கு, எழுந்து நடக்கும் பிணம் என்று விக்டோரிய கால இருண்ட கோதிக் அழகு முழுவதும் இதில் இருக்கிறது.

சென்னை ஃபிளாட்டுக்கு இது பொருந்துவதற்கு முதல் காரணம் அளவு. ஆடுகளம் மூன்றடிக்கு மூன்றடிதான். ஒரு பக்கத்துக்குப் பெரும்பாலும் ஆறு முதல் பத்து உருவம் போதும். சாப்பாட்டு மேசை மூன்றடி அகலம் இல்லையென்றால் மேலே ஒரு பிளைவுட் பலகையை வைத்துவிடலாம். பெரிய போர் ஆட்டங்கள் கேட்கும் ஆறடி மேசைக்கு இந்த ஊர் வீடுகளில் இடம் ஏது?

இரண்டாவது காரணம் பெரியது. இதில் பகடை கிடையாது. ஆளுக்கொரு சீட்டுக்கட்டு: 52 சீட்டு, இரண்டு ஜோக்கர். கையில் ஆறு சீட்டு இருக்கும். நிறுவனத்தின் கட்டு அழகானது, ஆனால் தொடங்குவதற்கு அது தேவையில்லை. வீட்டிலிருக்கும் ரம்மி கட்டே போதும், சின்னங்களின் பெயர் மட்டும் மாறும்: இஸ்பேட் காகம், ஆர்ட்டின் கடா, டைமன் முகமூடி, கிளாவர் புத்தகம். ஏஸ் ஒன்றுதான், ராஜா 13. ஒரு ஜோக்கரைச் சிவப்பு என்றும் மற்றதைக் கருப்பு என்றும் குறித்துக்கொள்ளுங்கள். சிவப்புக்கு 14, கருப்புக்குப் பூஜ்யம். கருப்பு விழுந்தால் அதை மாற்ற முடியாது.

ஆட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். உருவத்தின் குறிப்பட்டையில் தாக்குபவரின் எண் 6, தடுப்பவரின் எண் 5 என்று வையுங்கள்; கட்டிலிருந்து புரட்டும் சீட்டை இதோடு கூட்ட வேண்டும். தாக்குபவர் 4-ஐப் புரட்டினார், மொத்தம் 10. தடுப்பவர் 8-ஐப் புரட்டினார், மொத்தம் 13. குறைவாக இருப்பவர்தான் முதலில் புரட்டிய சீட்டுக்குப் பதிலாகக் கைச்சீட்டைப் போட்டு, ஆட்டத்தின் மொழியில் சொன்னால், தலைவிதியை ஏமாற்றலாம். தாக்குபவர் 12-ஐ இறக்கினார், இப்போது 18. இந்த இடத்தில் புதியவர்கள் பதறிப்போய்த் தங்கள் 13-ஐ இறக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 13-ஐப் போட்டாலும் 18-க்கு 18, சமம். சமமானால் வெற்றி தாக்குபவருக்கே. ஐந்துக்குள் வித்தியாசம் என்றால் சேதத்தை முடிவுசெய்யும் புரட்டலுக்கு ஒரு மைனஸ், அதாவது இரண்டு சீட்டு புரட்டிக் குறைந்ததை எடுப்பது. சமம் என்றால் இரண்டு மைனஸ், மூன்று சீட்டில் குறைந்தது. சிவப்பு ஜோக்கருக்கு அடுத்து உயர்ந்த சீட்டைக் கொடுத்து வாங்கியது ஒரேயொரு மைனஸ்தான். மைனஸ் இருக்கும் புரட்டலில் கைச்சீட்டைப் போட முடியாது என்பதால் அடித்தவரும் அந்தச் சேதத்தை ஏற்ற முடியாது. அந்த 13 கையிலேயே இருக்கட்டும். சேதம் 1 முதல் 5 வரை லேசு, 6 முதல் 10 வரை நடுத்தரம், 11-உம் அதற்கு மேலும் கடுமை. இந்தக் கோடுகள் மனத்தில் பதிந்ததும் ஆட்டம் வேறாகத் தெரியும். எந்தெந்தப் பெரிய சீட்டுகள் போய்விட்டன என்று எண்ணிவைக்கும் ரம்மிக் கைகளுக்கு இங்கே உண்மையான பலன் உண்டு.

வெற்றி என்பதும் வெட்டிச் சாய்ப்பதில்லை. ஐந்து சுற்று, அதிகபட்சம் எட்டுப் புள்ளி. பொதுக் குறிக்கோளில் நான்கு, ஒவ்வொருவரும் ரகசியமாகத் தேர்ந்தெடுக்கும் இரண்டு திட்டங்களில் தலா இரண்டு. எதிராளியின் கூட்டத்தைத் துடைத்தெடுத்துவிட்டுப் புள்ளியில் தோற்பது இங்கே சாதாரணம். அடிதடிக்காகவே வருகிற நண்பருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது கட்சி என்ற பெரும்பிரிவைப் பார்க்காதீர்கள், குறிப்பட்டையில் இருக்கும் கீவேர்டு என்ற சிறு குழுப்பெயரைப் பாருங்கள். 50 ஆன்மக்கல் மதிப்புக்கு ஆள் சேர்க்கும்போது தலைவரின் கீவேர்டு உள்ளவர்கள் அச்சிட்ட விலைக்கே வருவார்கள். அதே கட்சியின் மற்றவர்களுக்குப் பொதுவாக ஒரு கல் கூடுதல். தலைவருக்கு விலையில்லை. மிஞ்சும் கல்லில் ஆறு வரை ஆட்டத்துக்குள் கொண்டுபோகலாம், அதில் ஒன்றைச் சுற்றின் தொடக்கத்தில் கொடுத்து இரண்டு சீட்டு கூடுதலாக எடுக்கலாம். ஆகவே தலைவர் இருக்கும் கோர் பெட்டி, அதாவது அடிப்படைப் பெட்டி ஒன்று, அதே கீவேர்டில் இன்னொரு பெட்டி. ஒருவருக்கு ஓராண்டு இதுவே போதும். ஐந்து தலைவர்களை வாங்கி ஒருவரையும் ஒட்டாமல் அலமாரியில் அடுக்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கின் நிரந்தர வியாதி. புதிதாகத் தொடங்கும் இருவருக்கு லேடி ஜஸ்டிஸ், ஷேமஸ் என்ற தலைவர்கள் எதிரெதிராக ஆட நல்ல ஜோடி. பார்வையற்ற வாள்வீராங்கனையான லேடி ஜஸ்டிஸின் கூட்டம் நேராக வந்து அடிக்கும்; அவருடைய டெத் மார்ஷல்கள் எதிரியைச் சவப்பெட்டிக்குள்ளேயே தள்ளுவார்கள். ஷேமஸின் ராட்டன் பெல் உருவங்கள் எதிரியை இழுத்து வந்து சிக்கவைக்கும். ஆனால் ஷேமஸ் பெண்களைக் கொன்று எழுப்புகிற கொலைகாரன். வீட்டில் பிள்ளைகள் சேர்ந்து ஆடுவார்கள் என்றால் வேறு தலைவரைத் தேடுவது நல்லது.

விலையைப் பொறுத்தவரை பெட்டியின் விலை பாதிக் கதைதான். கூரியர் கட்டணம், சுங்கம், அதைக் கட்டித்தர கூரியர் வாங்கும் சேவைக் கட்டணம் எல்லாம் சேரும். நண்பர்கள் ஒரே ஆர்டராகப் போட்டால் அனுப்பும் செலவு பங்காகும். இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் தரச்சான்று கட்டாயம். பார்சலின் விவரத்தில் வெறுமனே பொம்மை என்று இருந்தால் கேள்வி வரலாம். பெரியவர்களுக்கான பிளாஸ்டிக் மாடல் கிட் என்று சரியாக எழுதச் சொல்லி விற்பவரிடம் முன்பே கேளுங்கள்.

இனி குறை. உருவங்கள் 32 மில்லிமீட்டர் அளவு, கடினப் பிளாஸ்டிக், செதுக்கல் அபாரம். துண்டுகளோ ஈவிரக்கமில்லாத பொடிசு. கை தனி, துப்பாக்கி தனி, கோட்டு வால் இரண்டு பாதி. துண்டுகள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவிலிருந்து நிப்பரால் இரண்டு வெட்டாக எடுங்கள்: முதல் வெட்டு தள்ளி, இரண்டாவது ஒட்டி. ஒரே வெட்டில் எடுத்தால் மெல்லிய வாள் நெளிந்துவிடும். வெள்ளைத் தட்டுக்குள் வைத்து வெட்டினால் தெறிப்பது கிடைக்கும். ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் வேண்டாம். டாமியாவின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் சிமெண்ட் வாங்குங்கள். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து இணைப்பில் தூரிகையைத் தொட்டால் அதுவே உள்ளே ஓடி, பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும். ஃபெவிக்விக் மேலே அமர்ந்து பிடிப்பது மட்டுமே. நம்மூர் ஈரக் காற்றில் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் பூப்பாகப் படியும், கறுப்புக் கோட்டில் அது பளிச்சென்று தெரியும். ரெசினுக்கும் ஈயக் கலப்பு உருவங்களுக்கும் மட்டும் அது சரி.

பெயிண்டில்தான் சென்னை தன் கையைக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள். ஈரப்பதம் ஏறிய நாளில் மேட் வார்னிஷ் பால்போல வெளுத்துவிடும். கத்திரி வெயிலில் நேர்மாறாக, துளிகள் காற்றிலேயே காய்ந்து உருவத்தின்மேல் மணலாக ஒட்டும். மாசி, பங்குனியில், காலை பத்து மணி வாக்கில், கடற்காற்று திரும்புவதற்கு முன் அடிப்பதே பாதுகாப்பு. அதற்கும் பொறுமையில்லை என்றால் தூரிகையில் பூசும் வலேஹோ நிறுவனத்தின் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு எந்த மாதத்திலும் ஏமாற்றாது. மெல்லியதாக இரண்டு கோட், நடுவே நன்றாகக் காய விடுங்கள். அக்ரிலிக் பெயிண்ட் ஃபேன் காற்றில் நிமிடங்களில் இறுகும். தட்டையான டப்பாவில் நனைத்த டிஷ்யூ, அதன்மேல் பேக்கிங் பேப்பர் விரித்தால் பெயிண்ட் காயாமல் வைக்கும் ஈரத்தட்டு தயார். தண்ணீரைத் தினம் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதே ஃபேன் ஆட்டத்தின்போது சீட்டையும் பறக்கவிடும். எல்லாவற்றுக்கும் ஸ்லீவ் என்ற பிளாஸ்டிக் உறை போடுங்கள். உருவத்தின் குறிப்பட்டை ஸ்லீவுக்குள் இருந்தால் ஒயிட்போர்டு பேனாவால் காயங்களை அதன்மேலேயே குறிக்கலாம்.

கட்டடங்களுக்கு லண்டன் தெருவைத் தேடிப் போக வேண்டியதில்லை. 1873-இன் சென்ட்ரல் நிலையமும் 1892-இன் உயர் நீதிமன்றமும் அசல் விக்டோரிய காலத்தவை. செங்கல் கோபுரம், கூர்வளைவு, தூண் வரிசை எல்லாம் பஸ்ஸில் போகும்போதே கண்ணில் படும். ஆண்டர்சன் தெருவில் 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டு வாங்கி, ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் துடைத்து உரித்து, தீர்ந்துபோன பால்பாயிண்டால் செங்கல் கோடு அழுத்துங்கள். பெயிண்டை இரு பக்கமும் அடிக்காவிட்டால் சுவர் வளையும். தெர்மாகோலில் ஸ்ப்ரே நேராகப் பட்டால் கரைந்துபோகும். முதலில் ஃபெவிக்காலில் சலித்த மணல் கலந்து ஒரு பூச்சு. மேசையில் மூன்றில் ஒரு பங்காவது கட்டடமும் வேலியும் நிறையட்டும். காலியான களத்தில் துப்பாக்கிக் கூட்டம் மட்டுமே ஜெயிக்கும். ஒவ்வொன்றின் உயரம் என்ன, பார்வையை மறைக்குமா, ஏறலாமா என்பதை முதல் சீட்டுக்கு முன்பே இருவரும் பேசி முடியுங்கள். சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

கையில் ஏற்கெனவே விக்டோரிய உருவங்கள் இருக்கிறவர்களுக்கு ஆஸ்ப்ரே பதிப்பகம் 2013-இல் வெளியிட்ட இன் ஹெர் மெஜஸ்டிஸ் நேம் என்ற ஆட்டம் மலிவான வழி. மெல்லிய விதிநூல், பத்துமுகப் பகடை, எந்த நிறுவனத்தின் உருவமும் செல்லும். ஆனால் கைச்சீட்டு தரும் அந்தப் பதற்றம் அதில் இல்லை.

கடைசியாக, பணம் கட்டுமுன் பதிப்பைக் கேளுங்கள். நான்காம் பதிப்பு 2025-இல் வந்துவிட்டதால் பழைய பெட்டிகள் தள்ளுபடியில் கிடைக்கலாம். பிளாஸ்டிக் உருவம் பழசாகாது, உள்ளே இருக்கும் அட்டை பழசாகிவிடும். மேசையில் ஒருவர் மூன்றாம் பதிப்பு அட்டையும் மற்றவர் நான்காம் பதிப்பு அட்டையும் வைத்து ஆட முடியாது. எந்தப் பதிப்பு என்று குழுவாகப் பேசி முடிவெடுத்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.