1918 பம்பாய் சவரனுக்கு நம்பிப் போகலாம்

மும்பை கோட்டைப் பகுதியில் ஒரு சின்ன நாணயக் கடை. 1918-ல் பம்பாயில் அடித்த ஐந்தாம் ஜார்ஜ் சவரன் (பிரிட்டிஷ் தங்கக் காசு) கேட்டேன். பெரியவர் பேசவேயில்லை, லென்ஸையும் தராசையும் என் பக்கம் நகர்த்தினார். 7.98 கிராம், சுத்தமாக நின்றது. காசின் பின்பக்கம் இருக்கும் குதிரைக்குக் கீழே, ஆண்டுக்கு மேலே தரைக்கோட்டில் பொடியாக ஆங்கில ‘ஐ’ எழுத்து. அதுதான் பம்பாய் முத்திரை. விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு இல்லை. (நம்மூர்ப் பக்கம் வரும் பழைய சவரன்களில் பாதி, மாலையில் கோத்தவை.) பாலிஷ் போட்டுக் கெடுக்காமல் வைத்திருந்தார், அதற்கே கூடுதலாகக் கொடுக்கலாம். அதே வருஷத்து 15 ரூபாய்த் தங்கக் காசும் காட்டினார். எடை ஒன்றுதான், விலையோ எட்டாத உயரம். பில் மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கார்டு எடுக்க மாட்டார்கள்.