வன்னிப் பாறைக்கு எந்த மெத்தை: இறக்குமதியா, குஷன் கடையா, தும்பா?

போல்டரிங்கில் கயிறு கிடையாது. மூன்று, நான்கு மீற்றருக்கு மேற்படாத பாறையில் ஏறுவார்கள். தவறினால் கீழே விரித்த மெத்தையில் விழுவார்கள். அதனால் சனி, ஞாயிறில் கூட்டாளிமாரோடு வெளிக்கிடுகிறவர்கள் சப்பாத்துக்கு முன்னால் மெத்தையைத்தான் யோசிக்க வேண்டும். கைக்கு எட்டுகிற வழிகள் மூன்று: வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் கிராஷ் பேட், குஷன் கடையில் சொல்லித் தைப்பிக்கும் மெத்தை, வீட்டில் கிடக்கும் தும்பு மெத்தை.

ஒப்பிட முதல் நிலத்தைப் பார்ப்போம். ஏறத்தக்க நைஸ் (gneiss) என்ற கடும் பாறைகள் வன்னியின் தெற்கே, வவுனியாப் பக்கத்தில்தான் திரண்டு நிற்கின்றன. வடக்கே போகப் போகச் சுண்ணக்கல் படுகை வந்துவிடும். மற்ற ஊர்களில் விழும் இடம் கரடுமுரடென்றால் கல்லைப் புரட்டி, மண்ணை வெட்டிச் சமப்படுத்துவார்கள். இங்கே அதைச் செய்யவே கூடாது. ஹலோ ட்ரஸ்ட் 2002 முதல் மிதிவெடி அகற்றி வந்தும் எல்லா நிலமும் துப்புரவாகிவிடவில்லை. மிதிவெடி எச்சரிக்கைச் சிவப்புப் பலகை கண்ணில் படாததை வைத்து நிலம் சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது. ஊர்ச் சனம் நாளாந்தம் புழங்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். புரட்டும் கல்லுக்கடியில் சுருட்டை விரியனும் தேளும் கிடக்கும். பாறையின் நெற்றியில் நீர்வடி விளிம்பு (மழைநீர் உள்ளே வழியாமல் வெட்டிய வரம்பு) இருந்தாலோ எழுத்துப் பொறித்திருந்தாலோ அது பழங்காலத்தவர் புழங்கிய இடம்; 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தை நினைத்துத் திரும்பிவிட வேண்டும். வெடுக்குநாறிமலை, குருந்தூர்மலை போல வழிபாடும் தொல்பொருளும் சேர்ந்த இடங்கள் இந்த விளையாட்டுக்குரியவை அல்ல.

ஆக, தரை இருந்தபடியேதான் இருக்கும். பள்ளத்தையும் துருத்திய கல்லையும் மெத்தைதான் சமாளிக்க வேண்டும். மூன்றையும் இந்த ஒரு கண்ணால் பார்த்தால், திறமான ஒரு மெத்தையைவிட நடுத்தரமான இரண்டு, மூன்று மெத்தைகள் இங்கே கூடப் பயன்படும்.

இறக்குமதி மெத்தையின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விரித்தால் ஏறக்குறைய 100க்கு 120 சென்ரிமீற்றர், தடிப்பு 10 சென்ரிமீற்றர், எடை 5 முதல் 8 கிலோ. மேலே விறைப்பான மூடிய கண்ணறைப் படை (காற்று வெளியேறாத நுரை), கீழே மென்மையான திறந்த கண்ணறை ஸ்பொஞ் (அமத்தினால் காற்று வெளியேறுவது). மேற்படை குதிகாலின் அடியைப் பரப்பிக் கொடுக்கும். கீழ்ப்படை நசிந்து வேகத்தை உறிஞ்சும். சிக்கல் வந்து சேரும் கூலியில் இருக்கிறது. விமானக் கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையே எடையாகக் கொள்வது வழக்கம். மடித்த பொதி 100 × 65 × 22 என்றால் 28.6 கிலோ, உள்ளே இருப்பதோ 7 கிலோ. அதற்கு மேல் சுங்கத் தீர்வையும் உண்டு. வெளிநாட்டு உறவினர் வரும்போது கொண்டுவருவதென்றாலும் விமானத்தில் அளவு மீறிய பொதிக் கட்டணம் கேட்பார்கள். கப்பல் பொதியில் வேறு சாமான்களோடு சேர்த்துப் போட வழியிருந்தால் மட்டும் இது கட்டுப்படியாகும்.

குஷன் கடை மெத்தைதான் எங்கள் தெரிவு. ஆட்டோ சீற், பஸ் சீற் தைக்கிறவர்களிடம் தடித்த ஊசியும் நைலோன் நூலும் ரெக்சினும் ஏற்கெனவே இருக்கும். நீங்கள் கொண்டுபோக வேண்டியது சரியான அளவும் சரியான ஸ்பொஞ்சும்.

கீழ்ப்படைக்கு 7.5 சென்ரிமீற்றர் ஸ்பொஞ், கனமீற்றருக்கு 30 முதல் 40 கிலோ அடர்த்தி. மலிவு மெத்தைகளில் வரும் 18, 20 கிலோ ஸ்பொஞ் சில வாரத்தில் குழிவிழுந்துவிடும். அடர்த்தி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைத்தான் சொல்லும். விறைப்பு வேறு விடயம். ஆகவே விரலால் அமத்திப் பார்த்து வாங்காதீர்கள். சீமெந்துத் தரையில் போட்டு, ஒரு காலில் நின்று, முழுப் பாரத்தையும் குதிகாலில் இறக்குங்கள். தரை தட்டுப்பட்டால் அந்தத் துண்டு ஆகாது. சில்லுத் துண்டுகளை ஒட்டிச் செய்யும் ரீபொண்ட் ஸ்பொஞ் நல்ல விறைப்பு. ஆனால் அதே அளவு மெத்தை 12 கிலோவுக்குப் போய்விடும், தோளில் சுமந்து காட்டுப் பாதையில் நடக்க ஏலாது.

மேற்படைக்கு 2.5 சென்ரிமீற்றர் ஈ.வி.ஏ. என்ற மூடிய கண்ணறை நுரை. ஜூடோ, கராத்தே வகுப்புகளில் விரிக்கும் பாய்தான் இது. யோகாப் பாய் வெறும் 6 மில்லிமீற்றர்; அது போதாது. ரெஜிபோம் எந்தப் படைக்கும் வேண்டாம், முதல் விழுகையிலேயே நொறுங்கிவிடும். படைகளை ஒட்டும்போது பசையைப் பரவலாகப் பூசாமல் கோடு கோடாக இழுத்து, கையில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டுச் சேர்க்க வேண்டும். முழுதும் பூசினால் பசை காய்ந்து தகடுபோல் விறைத்துவிடும்.

தையலில் அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று. உறையை ஸ்பொஞ்சின் அளவுக்கே வெட்டுவார்கள். 1 சென்ரிமீற்றர் குறைத்து வெட்டினால்தான் இறுகி நிற்கும். காற்றுப்போக வழி விடமாட்டார்கள். சுற்றிவர மூடிய ரெக்சின் உறைக்குள் காற்று அகப்பட்டு, விழுகிறவரை மேலே எத்தும், கடைசியில் தையல் வெடிக்கும். பக்கத்துக்கு நான்கு ஓட்டை போட்டு வலை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, மடிப்பு. மோட்டார் சைக்கிளில் கட்டுவதற்குப் புத்தகம்போல் மடியத்தான் வேண்டும், ஆனால் அந்த இடுக்கில் பாதம் போனால் கணுக்கால் முறுகும். இரு பாதிகளும் சந்திக்கும் விளிம்பை 45 பாகையில் சரித்து வெட்டுவித்தால் ஒன்றின்மேல் ஒன்று படியும். அதற்கு மேல் 30 சென்ரிமீற்றர் அகல ஈ.வி.ஏ. பட்டி ஒன்றைப் போடுங்கள்.

அடிப்பக்கத்துக்குத் தடித்த ரெக்சின் அல்லது பி.வி.சி. தறப்பாள், சூரை முள் மெல்லிய துணியைக் கிழித்துவிடும். மேற்பக்கம் தறப்பாள் வேண்டாம், தூசி படிந்தால் சறுக்கும், கன்வஸ் நல்லது. ஒரு பக்கத்தைத் தைக்காமல் சிப் வையுங்கள். தோள்பட்டிகளை உறை மூடுமுன் உள்ளே ஒட்டுத்துணி கொடுத்து, பெருக்கல் அடையாளம்போல் குறுக்கே அடிக்க வேண்டும். எல்லாம் முடிந்தால் எடை ஏறத்தாழ 8 கிலோ வரும்.

தும்பு மெத்தையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. காசு செலவில்லை. விறைப்பும் உண்டு, ஆனால் விழுகிற வேகத்தை உறிஞ்சாமல் முழங்காலுக்கே திருப்பிக் கொடுக்கும். மழையில் நனைந்தால் தூக்க முடியாது. சுருள்கம்பி மெத்தை இன்னும் மோசம், எந்தப் பக்கம் எத்தும் என்று தெரியாது. தும்பு மெத்தைக்கு நல்ல இடம் குஷன் கடை மெத்தையின் கீழ்தான். கற்களுக்கிடையிலான பள்ளத்துக்கு வேறொரு மலிவான வழி உண்டு: மாசி, பங்குனியில் சூடடித்த வைக்கோலை உரப்பையில் இறுக அடைத்து பள்ளத்தை நிரப்பி, அதன்மேல் மெத்தையை விரிக்கலாம். உரப்பைமேல் நேராக விழக்கூடாது; கால் புதைந்து முறுகும். பக்கத்தில் அடுப்பு மூட்டவும் கூடாது.

நாலு பேர் போவதென்றால் தைத்த மெத்தை இரண்டு, தனி ஈ.வி.ஏ. பாய் ஒன்று. ஒரு மெத்தை பாறையின் அடியோடு, மற்றது கடைசிப் பிடியிலிருந்து விழக்கூடிய இடத்தில், இரண்டும் சேரும் கோட்டின் மேல் பாய். தோள்பட்டிகளை மெத்தையின் அடியில் செருகிவிடுங்கள். கீழே நிற்பவர் விழுகிறவரை ஏந்தப் பார்க்கக் கூடாது. இடுப்பைப் பிடித்து மெத்தைப் பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

வெயிலைத் தனியே சொல்ல வேண்டும். காலையில் நன்றாக இருந்த மெத்தை மத்தியானம் தரை தட்டும், சூட்டில் ஈ.வி.ஏ. இளகிவிடும். குதிகால் சோதனையைப் பத்து மணிக்குப் பிறகு இன்னொருமுறை செய்து, தட்டினால் அன்றைய ஏற்றத்தை நிறுத்துங்கள். இளைப்பாறும்போது நிழலில் நிமிர்த்தி வையுங்கள். திரும்ப விரிக்குமுன் மடிப்புக்குள் தடியால் தட்டிப் பார்க்க வேண்டும், பூச்சி பூரான் புகுந்திருக்கும். வீட்டில் மடிக்காமல் படுக்கவைத்தால் ஸ்பொஞ் அதிக நாள் தாங்கும். குழி விழுந்ததும் சிப்பைத் திறந்து கீழ்ப்படையை மட்டும் மாற்றலாம், ஈ.வி.ஏ.யும் உறையும் அடுத்த ஸ்பொஞ்சுக்கும் உதவும்.