குடும்ப மரக் கோப்பைப் படிக்க: சி நூலகமா, சொந்தக் கையால் எழுதிய நிரலா?

எங்கள் வம்சாவளியைப் பெரிய தாளில் அச்சிட்டுத் தரும் சிறிய நிரல் ஒன்றை சி மொழியில் எழுதி வருகிறேன். விவரங்கள் எல்லாம் ஜெட்காம் (GEDCOM) கோப்பில் இருக்கின்றன; வம்சாவளி மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று விவரம் மாற்றிக்கொள்ளும் கோப்பு வடிவம் அது. அதைப் படிக்க ஜெட்காம்-பார்ஸ் என்ற சி நூலகத்தை, அதாவது யாரோ முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பை, எடுத்துக்கொண்டேன். நாமே வரி வரியாகப் படிக்கும் நிரல் எழுதுவது இன்னொரு வழி. இரண்டையும் செய்து பார்த்ததில் நான் நூலகத்தின் பக்கம்தான். குமரி மாவட்டத்துக் குடும்பங்களின் விவரங்களை வைத்திருப்பவர்களுக்கு அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு.

சொந்த நிரல் எழுதுவது முதலில் சுலபமாகத்தான் தோன்றும். ஜெட்காம் வெறும் எழுத்துக் கோப்பு. வரியின் தொடக்கத்தில் நிலை எண், அப்புறம் ஒரு குறி, அப்புறம் மதிப்பு. 0 வந்தால் புதிய ஆள், புதிய குடும்பம் என்பது போல ஒரு புதிய பதிவு. 1, 2 எல்லாம் அதற்கு உள்ளே அடங்குபவை. ஒரு மாலையில் ஆட்களின் பெயர்களைப் பட்டியலிட்டுவிடலாம். குடும்பப் பெயரைச் சாய்கோடுகளுக்கு நடுவே போடச் சொல்கிறது ஜெட்காம் தரம் (விதிமுறை). நம் இனிஷியல்களை அதில் எங்கே வைப்பது என்ற பாடு எந்த வழியிலும் ஒன்றுதான்.

எழுத்துக் குறிமுறையிலும் நூலகம் கை கொடுக்கிறது. வெளிநாட்டு உறவினர்களின் பழைய மென்பொருள்கள் கோப்பை ஆன்செல் என்ற குறிமுறையில் தரும்; அதில் மேற்குறி முன்னால் வரும், எழுத்து பின்னால் வரும். நூலகம் எதைப் படித்தாலும், எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யூடிஎஃப்-8 குறிமுறைக்கு மாற்றித் தந்துவிடும். தமிழுக்கு அதுவே போதும்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது தேதிதான். நம் வீடுகளில் ஞானஸ்நானச் சீட்டில் ஆங்கிலத் தேதி இருக்கும். பழைய பத்திரத்திலும் ஜாதகத்திலும் மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு இருக்கும். 1956இல் சென்னை மாநிலத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேரும்வரை குமரி மாவட்டம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததல்லவா. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. அதனால் 1099 ஆவணி என்றால் 1923 ஆகஸ்ட். அதே 1099இன் ஆடி என்றால் 1924 ஜூலை. ஆவணியிலிருந்து மார்கழி நடு வரை 824 கூட்ட வேண்டும், அதன் பிறகு 825. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் ஆவணியில் பிறந்த பெரியப்பா ஒரு வருஷம் இளையவராகிவிடுவார்.

ஜெட்காம் 5.5இல் கிரிகோரியன், ஜூலியன், ஹீப்ரு, பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டிகள் உண்டு, கொல்லம் இல்லை. ஆனால் 'இன்ட்' (INT, கணித்து எழுதிய தேதி என்பதற்கான குறி) என்று போட்டு, நாம் கணித்த தேதியை எழுதி, மூலத்தில் உள்ள வாசகத்தை அடைப்புக்குறிக்குள் வைக்கலாம்: ஆகஸ்ட் 1923, அடைப்புக்குள் 'கொல்லம் 1099 ஆவணி'. நூலகம் இதைத் தானே பிரித்து, தேதியின் வகை, தேதி, மூல வாசகம் என்று தனித்தனியாகத் தருகிறது. கூடவே ஒரு நாள் வரிசை எண்ணும் கிடைக்கிறது. மாதம் மட்டும் தெரிந்தால் அந்த மாதத்தின் முதல் நாள், கடைசி நாள் என்று இரண்டு எண்கள். அண்ணன் யார், தம்பி யார் என்று வரிசைப்படுத்த அந்த எண்களை ஒப்பிட்டால் போதும். மூல வாசகமும் தொலையாமல் அச்சுக்குப் போகிறது.

சொந்த நிரலில் தேதி வெறும் எழுத்துச் சரமாகத்தான் நிற்கும். 'சுமார்', 'அதற்கு முன்', 'இன்னதுக்கும் இன்னதுக்கும் இடையில்' என்ற ஒவ்வொரு வடிவத்தையும் நாமே பிரிக்க வேண்டும். நம் கோப்புகளில் பாதி பிறப்புத் தேதி இந்த ரகம்தான்.

நூலகத்தின் கறார்த்தனம் சிலருக்குப் பிடிக்காது. தரத்தை மீறிய வரி வந்தால் பிழை என்று சொல்லும். உடனே நிறுத்தலாம், கடைசி வரை படித்துவிட்டுத் தோல்வி என்று சொல்லலாம், கண்டுகொள்ளாமலும் விடலாம். நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய கோப்பை முதலில் கறாராக ஓட்டிப் பார்ப்பதே நல்லது. எந்த வரி தரத்தை மீறியது என்று தெரிந்தால் கோப்பையே திருத்திவிடலாம். லினக்ஸில் நூலகத்தைத் தொகுத்து (build) நிறுவுவதில் எனக்குச் சிரமம் இல்லை. விண்டோஸில் நான் முயன்றதில்லை.

சி கட்டாயம் இல்லாதவர்களுக்குப் பைதான் மொழியில் ஜெட்4பை (ged4py) என்ற நூலகம் இருக்கிறது. அதுவும் தேதியைப் பிரித்துத் தருகிறது. அதை மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

2021இல் வந்த ஜெட்காம் 7.0க்கு ஜெட்காம்-பார்ஸ் நூலகம் ஆகாது, அது 5.5ஐ நம்பி எழுதப்பட்டது. அதனால் இப்போதைக்கு யாரிடம் கோப்பு வாங்கினாலும் பழைய வடிவத்தில் ஏற்றுமதி செய்யச் சொல்கிறேன். 7.0இல் அடிக்கோட்டில் தொடங்கும் குறியோடு சொந்த நாட்காட்டியையே சேர்த்துக்கொள்ள இடம் இருக்கிறது. கொல்லத்துக்கு அப்படி ஒரு குறியை நாம் சிலர் பேசி முடிவு செய்துகொண்டால், மார்த்தாண்டத்தில் எழுதிய கோப்பை நாகர்கோவிலில் இருப்பவரும் திருத்தாமல் படிக்கலாம்.