‘புட் ஆஃப்’ தேட எந்த அகராதி?

ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப்’ (put off) என்றால் தள்ளிப்போடு. இதைச் சொல்ல எந்த அகராதியும் போதும். தமிழர் தடுக்கி விழும் இடம் பொருளில் இல்லை, ‘எதை’ என்ற கேள்விக்கு விடையாக வரும் சொல்லை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது. ‘அதைத் தள்ளிப்போடு’ என்கிறோம். ‘தள்ளி’க்கும் ‘போடு’வுக்கும் நடுவில் எதையும் நுழைப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் ‘புட் ஆஃப் இட்’ என்று எழுதினால் பிழை. ‘புட் இட் ஆஃப்’தான் சரி. பெயர்ச்சொல் என்றால் ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் செல்லும்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அகராதிகளில் இதை லாங்மன் ஓர் இருபக்க அம்புக்குறியால் காட்டிவிடுகிறது. அம்பு இருந்தால் சொல் இடம் மாறலாம். விளக்கங்கள் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் அடங்குவதால் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடப்போய் நான்கு சொல்லுக்குத் தேட வேண்டியதில்லை. எடுத்துக்காட்டு வாக்கியங்களைக் காதாலும் கேட்கலாம். அழுத்தம் ‘புட்’டில் இல்லாமல் ‘ஆஃப்’பில் விழுவதைக் கவனியுங்கள். குறை, அம்புக்குப் பொருள் தெரியாதவர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுவார். பிரிட்டானிகா அகராதி இரண்டு வரிசைகளையும் எழுத்திலேயே போட்டுவிடுகிறது, தொடங்குபவருக்கு அது எளிது. ஆனால் ‘இட்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர்கள் நடுவில் மட்டுமே வரும் என்ற விதியை அம்பும் சொல்லாது, இரட்டை வரிசையும் சொல்லாது. அதை இலக்கணப் பகுதியில்தான் தேட வேண்டும்.

எதைத் திறந்தாலும் முதல் பொருளோடு மூடிவிடாதீர்கள். ‘ஐ புட் ஆஃப் ஈட்டிங்’ என்றால் சாப்பிடுவதைத் தள்ளிப்போட்டேன். ‘இட் புட் மீ ஆஃப் ஈட்டிங்’ என்றால் சாப்பிடும் ஆசையே போய்விட்டது. நடுவில் ஆள் வந்ததும் பொருள் தடம் மாறுகிறது. ‘ஆஃப்-புட்டிங்’ என்ற பெயரடை இன்று வழங்குவது இந்த இரண்டாம் பொருளில்தான். தாமதத்தை அது குறிப்பதில்லை. ஆட்டத்தில் கவனத்தைக் கலைப்பதற்கும் ‘புட் ஆஃப்’ உண்டு. இன்னொன்று: பின்னால் வினை வந்தால் ‘கோயிங்’, ‘டு கோ’ அல்ல.

வெறும் பொருள்பட்டியல் தரும் செயலிகள் இதற்கு உதவாது. ‘போஸ்ட்போன்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் செயலியில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. எழுதுபவருக்கு லாங்மன், தொடக்கநிலையில் இருப்பவருக்கு பிரிட்டானிகா. ‘ரத்து செய்’ என்பதைத் தேடி வந்தவர் மட்டும் ‘கால் ஆஃப்’ (call off) பக்கம் போகட்டும்.