இலவச வெப்ப இழப்பு அறிக்கை: கையெழுத்துப் போடும் முன் இதைப் பாருங்கள்

கூரைக்கு இன்சுலேஷன் போடும் ஒரு நிறுவனம், பெரிய தொழிற்கூடம் ஒன்றுக்கு இலவசமாகக் கணக்குப் போட்டுத் தந்தது. குளிர்காலத்துக்கு 1,50,000 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் மிச்சம் என்றார்கள். வேலை முடிந்தபின் பில்லில் அதில் பாதிகூடக் குறையவில்லை. காரணம் அறிக்கையிலேயே இருக்கிறது.

கூடம் 100 × 50 மீட்டர், உயரம் 10. உள்ளே 18 டிகிரி. வெளியே கடுங்குளிர் நாளில் மைனஸ் 7. அந்த 25 டிகிரி வித்தியாசத்தையே 200 நாளுக்கும், 24 மணி நேரத்துக்கும் பெருக்கிவிட்டார்கள். பாய்லர் எவ்வளவு பெரியது வேண்டும் என்று பார்க்கத்தான் அது உதவும். பருவத்துக்கு டிகிரி-டே கணக்குதான் சரி: வெளி வெப்பநிலை ஓர் அடிப்படை அளவுக்கு எத்தனை டிகிரி கீழே இருந்தது என்பதை நாள்தோறும் கூட்டிவரும் தொகை அது. அந்த இடத்துக்கு, 18 டிகிரி அடிப்படையில், 2,500. அதாவது 200 நாளுக்கு வகுத்தால் சராசரி வித்தியாசம் 12.5தான். 5,000 சதுர மீட்டர் கூரையின் யு மதிப்பு (ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டர் வழியே வெளியேறும் வாட்) 0.5லிருந்து 0.25 ஆனால் டிகிரிக்கு 1,250 வாட் குறையும். 1,250 × 2,500 × 24 ÷ 1,000 = 75,000 யூனிட். இதிலும் இயந்திரங்கள் விடும் வெப்பத்தைக் கழித்தால் இன்னும் இறங்கும்.

காற்றுக் கசிவைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. போட்டிருந்தால் கூரையின் பங்கு சிறுத்துப் போயிருக்கும். கூடத்தின் 50,000 கன மீட்டர் காற்றில் மணிக்குப் பாதி மாறினாலே 0.33 × 0.5 × 50,000 = டிகிரிக்கு 8,250 வாட் (0.33 என்பது ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய வாட்-மணி). கூரை 2,500, சுவர் 1,500, தரை சுமார் 1,000. மொத்தம் 13,250, அதில் காற்று மட்டும் 62 சதவீதம். லாரிக் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கூரையை மூடுவது ஓட்டைப் பானைக்கு மூடி தேடுகிற கதை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: சூடான காற்று மேலே தேங்குவதால் கூரை வழி இழப்பு ஏட்டுக்கணக்கை விடக் கூடவே இருக்கும். ஆள் உயரத்தில் ஒன்று, கூரையடியில் ஒன்று என வெப்பமானி தொங்கவிட்டுப் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் முதலில் காற்றைக் கீழே தள்ளும் விசிறிகளைப் போடலாம், செலவு குறைவு.

சரிபார்க்க பழைய எரிவாயு பில்களே போதும். மாதாமாதம் எரித்த யூனிட்டை அந்த மாத டிகிரி-டேக்கு எதிராக வரைபடத்தில் குறியுங்கள். புள்ளிகளின் ஊடே போகும் கோட்டின் சாய்வு டிகிரி-டேக்கு 400 யூனிட், பாய்லர் திறன் 80 சதவீதம் என்றால் 400 × 0.8 ÷ 24 = டிகிரிக்கு 13.3 கிலோவாட். கையால் போட்ட 13,250 வாட்டோடு ஒத்துப்போகிறது. கூரை வேலைக்குப் பின் அந்த 400, சுமார் 362க்கு வர வேண்டும். கடைசித் தவணையை ஒரு குளிர்காலம் முடிந்து, புதிய சாய்வைப் பார்த்தபிறகே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.