தங்கச்சி பிரசவமும் நர்ஸம்மாவின் தராசும்

நான் டிக்கெட் எடுத்திருந்த நாளுக்கு ஐந்து நாள் முன்பே தங்கச்சிக்கு சிசேரியன் ஆகிவிட்டது. ஸ்டுட்கார்ட்டிலிருந்து என் நாலு வயது மகனைக் கூட்டிக்கொண்டு மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த அன்று காலையில்தான் அவளையும் குழந்தையையும் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். வைகாசி வெயில், வீடு நிறைய ஆட்கள். நடுவில் விடாமல் அழுதுகொண்டிருந்தாள் என் தங்கச்சி மகள்.

ஐந்து வாரம் ஊரில் இருந்தேன். முதல் மூன்று வாரம் முழுக்க ஒரே கவலை, குழந்தைக்குப் பால். வெளிநாட்டிலிருந்து பிரசவத்துக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கும், என்னைப் போலத் துணைக்கு வருகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தங்கச்சி படித்துப் பார்த்து 'எழுதுக்கா' என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

முதலில் ஆஸ்பத்திரி. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. அறுவைச் சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தையல் நன்றாக ஆறியது. ஆனால் குழந்தையைப் பிறந்ததும் ஒரு நிமிடம் காட்டிவிட்டுத் தனி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் கையில் கொடுத்தபோது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் புட்டியில் பவுடர் பால் கொடுத்தாயிற்று. 'நான் எப்ப குடுக்கலாம்?' என்று இவள் கேட்டதற்கு, நர்ஸ் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, 'இன்னும் ஊறலம்மா, பவுடரே குடுத்துக்குவோம்' என்று போய்விட்டாராம். முதல் நாள் வருவது சீம்பால், அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும், பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி கூடப் போதும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் நாலாம் நாள்தான் பால் நிறைந்து வரும், சிசேரியன் ஆனவர்களுக்கு இன்னும் ஒரு நாள் தள்ளிக்கூடப் போகலாம் என்பதையும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மருந்துகளோடு மருந்தாகப் பால் பவுடரும் இருந்தது.

பவுடர் பால் தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அதைக் கொடுக்கிற தாயை யாரும் குறைவாகப் பேசக் கூடாது. ஆனால் இந்தியாவில் 1992இல் வந்து 2003இல் இறுக்கப்பட்ட ஒரு சட்டமே இருக்கிறது. குழந்தைப் பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது, டின்னின் மேல் தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சடிக்க வேண்டும். இவ்வளவு யோசித்து நாடு சட்டம் போட்டிருக்கும்போது, பிரசவம் பார்க்கிற இடத்தில் ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் காட்டிக் கொடுக்கக் கூடாதா? எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. அம்மா பால்சுறா புட்டும் பூண்டுக் குழம்புமாகப் பத்தியம் சமைத்தார். தங்கச்சியின் மாமியார் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். ஆனால் பார்க்க வந்த ஒவ்வொருவரும் வாசற்படி தாண்டியதும் கேட்ட முதல் கேள்வி, 'பால் இருக்கா?' ஒரு மத்தியானம் மட்டும் பதினொரு பேர் கேட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் வந்தபோது தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பச்சை உடம்புக்காரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்று அன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நான் எல்லோரிடமும் கெஞ்ச வேண்டியிருந்தது.

ராத்திரிதான் நிலைமை எனக்கு முழுசாகப் புரிந்தது. குழந்தை வாய் வைத்ததும் அவள் துண்டைக் கடித்துக்கொள்கிறாள். வலது காம்பில் வெடிப்பு, ரத்தக் கசிவு. இடது காம்பு உள்வாங்கி இருந்ததால் குழந்தைக்குப் பிடியே கிடைக்கவில்லை. பிடிபடாமல் கத்தும், புட்டி கொடுத்ததும் அடங்கும். 'அதுக்கு என்னையப் பிடிக்கலக்கா' என்றாள்.

என் மகன் ஜெர்மனியில் பிறந்தான். அங்கே பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஹெபாமே என்று சொல்லப்படும் மருத்துவச்சி தேடி வருவார். முதல் பத்து நாள் தினமும், அதன் பிறகு தேவைக்கேற்ப பன்னிரண்டு வாரம் வரை வரலாம், அரசுக் காப்பீடே பணம் கொடுத்துவிடும். எனக்குப் பால் கொடுக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் வந்து போகும் அரை மணி நேரம் தவிர மீதி நேரமெல்லாம் நான் தனி. கணவர் வேலைக்குப் போன பிறகு குளிப்பதற்குக் கூடக் குழந்தையைக் கையில் வாங்க ஆளில்லாமல் அழுதிருக்கிறேன். இங்கே வாங்கிக்கொள்ளப் பத்துக் கைகள் இருந்தன. ஆனால் எப்படிப் பிடிக்க வைப்பது என்று தெரிந்த ஒரு கை இல்லை.

அந்தக் கையும் ஊரிலேயே இருந்தது, நாங்கள்தான் கூப்பிடவில்லை. தங்கச்சி சென்னையில் கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கியிருந்தாள். பிக்மி எண் என்பார்கள். வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு வந்ததும் எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் அதைச் சொல்லி வைத்திருந்தாள். வெளிநாட்டிலிருந்து பிரசவத்துக்கு வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பதிவுக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள், தனியார் மருத்துவமனையில் பிரசவம் என்றாலும் கேட்கிறார்கள். பதிவு இருந்தால்தான் கிராம சுகாதார செவிலியருக்கு இன்ன வீட்டில் பிறந்த குழந்தை இருக்கிறது என்று தெரியும். அம்மா போன் போட்டார். குழந்தை பிறந்த ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் நர்ஸம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

முதலில் தராசு. கொக்கியில் தொங்கும் சின்னத் தராசு, துணித் தொட்டில் மாதிரி ஒரு பை. பிறந்தபோது 2 கிலோ 950 கிராம், அன்று 2 கிலோ 680. 'ஒம்பது சதவீதம் கொறஞ்சிருக்கு. பத்துக்குள்ளதான். மொதல்ல எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் கொறையும். ரெண்டு வாரத்துல பழைய எடைக்கு வரணும், அதை நான் பாத்துக்குறேன்' என்றார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம், மலம் கறுப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறிவிட்டதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, பாலுக்குத் தானாக எழுகிறதா என்று வரிசையாகக் கேட்டார். முதல் வாரம் முடிவதற்குள் நாளுக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். குறைந்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அப்புறம் சொன்னார், 'இப்ப குடும்மா, நான் பாக்குறேன்.' கூடத்தில் இருந்தவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு முழு வேளை, கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிடம், எழுந்திருக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் நாலு நாளில் கிடைக்காதது அந்த இருபத்தைந்து நிமிடம்தான்.

தையல் வலிக்காமல் இருக்க, குழந்தையை மடியில் குறுக்கே போடாமல் கக்கத்தில் இடுக்கின மாதிரி பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார். கால் தாயின் முதுகுப் பக்கம், தலை உள்ளங்கையில், கீழே ஒரு தலையணை. தாய் குனியக் கூடாது, குழந்தைதான் மார்புக்கு வர வேண்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டுத் தொட்டு, கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறந்த பிறகு ஒரே அணைப்பு. வெறும் காம்பை மட்டும் சப்பவிட்டதால்தான் வெடிப்பு, கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போக வேண்டும், கீழ்ப் பக்கம் கூடுதலாக. தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். மூன்று தடவை தப்பாகப் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் வாயோரம் சுண்டு விரலை விட்டு எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார். நாலாவது தடவை தங்கச்சி துண்டைக் கடிக்கவில்லை. 'முழுங்குற சத்தம் கேக்குதா?' என்றார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டோம். கேட்டது.

உள்வாங்கிய காம்புக்கு ஒரு பத்து மில்லி சிரிஞ்சு வாங்கி வரச் சொன்னார். ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, வெட்டிய பக்கமாக உள்தண்டை நுழைத்து, வழவழப்பான மறுபக்கத்தைக் காம்பின் மேல் வைத்து மெதுவாக இழுத்தால் காம்பு வெளியே வரும். பால் கொடுப்பதற்கு முன்னால் அரை நிமிடம், ஒரு நிமிடம். மருந்துக் கடையில் ஐந்து பத்து ரூபாய்ச் சாமான். வலிக்கும்படி இழுக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். நாலைந்து நாளில் இடது பக்கமும் குழந்தைக்குப் பிடிபட்டது.

புட்டியை மட்டும் உடனே நிறுத்தச் சொன்னார். பவுடரை அல்ல, எடை ஏறும் வரை கொஞ்சம் தேவைப்படலாம். கையால் பீய்ச்சி எடுத்த பாலை முதலில் கொடுத்து, பற்றாததற்கு மட்டும் பவுடர். 'எதுல குடுக்குறது?' என்று அம்மா கேட்க, மூலையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து வெள்ளிப் பாலாடையை, குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தை, எடுத்து வந்தார். என் அப்பாவுக்குக் கொடுத்தது, எனக்கும் தங்கச்சிக்கும் கொடுத்தது. நர்ஸம்மா முகம் மலர்ந்துவிட்டது. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு இதே பாலாடையில்தான் பால் கொடுக்கிறார்கள், வெளிநாட்டு மருத்துவக் கட்டுரைகளில்கூட இதற்கு 'பாலாடை' என்றுதான் பேர் என்றார். நன்றாகக் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, குழந்தையைச் சாய்த்து உட்கார வைத்து, பாலாடையின் மூக்கைக் குழந்தையின் உதட்டோரம் வைத்து, அது உறிஞ்ச உறிஞ்சக் கொடுக்க வேண்டும். அண்ணாந்து படுக்க வைத்து ஊற்றக் கூடாது, புரையேறும். அப்பத்தாவுக்கு அது மட்டும் புதுசு. பெரியவர்கள் குழந்தையின் நாக்கில் வைக்கச் சொன்ன சேனைத் தண்ணியும் (இனிப்புத் தண்ணீர்) தேனும் அதோடு நின்றன. ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது.

ஏழாம் நாள் வலது பக்கம் பால் கட்டிக் கல் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு பந்து மல்லிகையோடு வந்தார், வைத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று. மதுரையில் வைகாசியில் மல்லிக்கா பஞ்சம்! தங்கச்சியின் மாமியார்தான் தடுத்தார். மல்லிகை பாலை வற்ற வைப்பது, குழந்தையை இழந்த தாய்க்குக் கட்டுவது. அவர் சொன்னது சரி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பால் நிறுத்தும் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வே 1988இல் வெளியாகியிருக்கிறது, பூவும் வேலை செய்தது. தங்கச்சிக்குப் பால் வற்ற வேண்டியதில்லை, இறங்க வேண்டும். குளிர்ந்த துணி ஒத்தடம், கொடுப்பதற்கு முன்னால் கருவட்டம் இளகும் வரை கொஞ்சம் கையால் பீய்ச்சுதல், அப்புறம் அடிக்கடி குழந்தையை விடுதல், இதிலேயே இரண்டு நாளில் இளகியது.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல், குளிர், அதே பக்கம் சிவந்து வலி. மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போனோம். கூட்டம் அதிகம், காத்திருந்தோம். ஆனால் பார்த்த டாக்டர் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால்தான் சீழ் கட்டும், தொடர்ந்து கொடுங்கள் என்று, பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடிய ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அந்த மருத்துவமனையில் 2015இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி இருக்கிறது. தானம் கொடுக்கும் தாயின் ரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, குளிர்வித்து உறைய வைத்து, குறைமாதத்திலும் எடைக் குறைவாகவும் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு வாங்கிப் போகும் வசதியாக இதை நினைத்து வர வேண்டாம். உடம்பு தேறி, பால் மிஞ்சினால் தானும் கொடுக்க வேண்டும் என்று தங்கச்சி காரில் வரும்போது சொன்னாள். ஒரு வாரம் முன்பு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள்.

மறுபரிசோதனைக்குப் பேருந்தில் போய் வந்தபோது பாலூட்டும் அறைகளையும் பார்த்தோம். தமிழ்நாட்டில் 2015இலிருந்து பேருந்து நிலையங்களில் இவை இருக்கின்றன. நாங்கள் போன ஒன்றில் மின்விசிறி, பெஞ்சு, உள்தாழ்ப்பாள் எல்லாம் இருந்தது. இன்னொன்று பூட்டிக் கிடந்தது, சாவிக்கு நான் மூன்று பேரிடம் அலைந்தேன். குழந்தை கத்தும்போது மூன்று பேரிடம் அலைய முடியாது. சாவியை வாங்கியதும் பேருந்து நிலைய நேரக் காப்பாளரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பதினாறாம் நாள் தராசு 2 கிலோ 980 காட்டியது. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். அன்றே நர்ஸம்மா பவுடரை முழுக்க நிறுத்தச் சொன்னார். அதுவரை ஒவ்வொரு நாளும் ஒரு பாலாடை, அரைப் பாலாடை என்று குறைத்துக்கொண்டே வந்திருந்தோம். ஊரில் தடுப்பூசிக்குப் புதன்கிழமை. அன்று துணை சுகாதார நிலையத்துக்குப் போனால் சந்தேகங்களையும் கேட்டுவிடலாம். நடுராத்திரிச் சந்தேகத்துக்கு அரசின் மருத்துவ ஆலோசனைத் தொலைபேசி எண் 104 இருக்கிறது, நாங்கள் ஒரு தடவை கூப்பிட்டோம், பொறுமையாகப் பேசினார்கள்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகனின் மனைவி பேசினாள். அவளுக்கு ஐப்பசியில் தேதி, பிரசவத்துக்கு இங்கேதான் வரப்போகிறாள். தங்கச்சி மடியில் குழந்தையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள். 'வந்ததும் நம்பர் பதிஞ்சிரு. ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முன்னாடியே கேளு, பொறந்ததும் பிள்ளைய எங்கிட்ட குடுப்பீங்களா, பால் குடுக்க யாரு சொல்லித் தருவீங்கன்னு. நர்ஸம்மா நம்பர் அனுப்புறேன்.' அப்பத்தா பாலாடையைத் திருநீறு போட்டுத் துலக்கி, மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். பெட்டியில் வைக்காமல் அலமாரியிலேயே வைத்தார்.